ராட்டினத்து விளக்கக் கூட்டம்

பொருட்காட்சிக்கு வர்றவுக எதையும் நின்னு கேக்குறதில்லைங்க ஐயா. டெல்லி அப்பளத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாக. அதைக் குத்தம்னு நான் சொல்லல.

அருப்புக்கோட்டைப் பொருட்காட்சியில மெத்தைக் கடைக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நடுவுல என் ஸ்டால். கடைகளுக்கு பில் போடுற சாப்ட்வேருங்க, ஓப்பன் சோர்ஸ். காசு கிடையாது. உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் பாக்கலாம், தோதுக்கு மாத்திக்கிடலாம், அடுத்தவுகளுக்கும் குடுக்கலாம். எங்க ஊரு பரளச்சியில பருத்தி எடுப்பைக்கூட விட்டுட்டு வந்து நின்னேன்.

பலசரக்குக் கடை தங்கசாமி அண்ணாச்சி மட்டும் நின்னாரு. "சும்மாவா குடுக்குறே? அப்ப என்னமோ கோளாறு இருக்கு"ன்னுட்டு, எதுத்த ஸ்டால்ல காசு குடுத்து வேற ஒண்ணை வாங்கிட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. ஆனாலும் கோவப்படல. முழுசாக் கேட்டா மனசு மாறுவாருன்னு தோணுச்சு. கேக்கணும்னா உக்காரணும். அங்க ஆளுக உக்கார்ற எடம் ராட்சச ராட்டினம்தான்.

அண்ணாச்சி ஏறுற வரைக்கும் பொறுத்திருந்தேன். எங்க வீட்டுக்காரி ஈஸ்வரியும் ஏறியிருந்தா. அவளுக்காக ஒத்திப்போட்டா நியாயமில்லைங்களே. ராட்டினக்காரர் உதயகுமார் டீ வாங்கத் திரும்புன நேரம், ஜெனரேட்டரை அமத்திட்டு சாவியை எடுத்துக்கிட்டேன். பேட்டரி மைக்கைப் பிடிச்சு, சுதந்திரம்னா என்னங்கிறதுலருந்து ஆரம்பிச்சேன்.

எல்லாரும் என்னையே பாத்தாக. வாழ்நாள்ல அப்படி ஒரு கூட்டம் எனக்கு அமைஞ்சதில்லை. சந்தோசமா இருந்துச்சுங்க.

நடுவுல அண்ணாச்சி சத்தம் போட்டாரு. "ஏலே மாரிக்கண்ணா, இறக்கிவிடுலே. சுகர் மாத்திரை கீழ கார்ல கெடக்கு."

கேள்வியெல்லாம் கடைசியில எடுத்துக்கிடுவோம்னு தன்மையாச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல அவரு தலை தொங்கிருச்சு. சரிங்கிறாருன்னு எடுத்துக்கிட்டேன். ஈஸ்வரி, "நீங்க நல்லாயிருப்பீகளா"ன்னு கேட்டு அழுதா. பேச்சால ஒருத்தர அழவைக்கிறது லேசுப்பட்ட காரியமில்லைங்க ஐயா.

சாவியா? பக்கத்து ஊருணித் தண்ணியில எறிஞ்சுட்டேன். இன்னும் பாதிப் பேச்சு இருக்கு, அதுக்குள்ள யாராவது புடுங்கிட்டா?

ஆமாங்க, நிறுத்துனது நான்தான். கேசுல தாராளமா எழுதிக்கிடுங்க. அடைச்சுவெச்சேன்னு மட்டும் எழுதாதீக. மேல ஒரு பொட்டிக்கும் பூட்டு கிடையாது. பிடிக்கலைன்னா கதவைத் திறந்துக்கிட்டு போயிரலாம். அண்ணாந்து பாருங்க ஐயா, ஒருத்தராவது போறாகளா?