தாம்பூலப் பையோடு சாவி தந்தவருக்கு

உடுமலைப்பேட்டை, தாராபுரம் சாலை, பங்காரு மகால் திருமண மண்டபத்தின் மேலாளராக முப்பத்தோரு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அண்ணன் திரு. திருமூர்த்தி அவர்களுக்கு, மண்டபப் பணியாளர்கள் பாசத்துடனும் பணிவுடனும், கொஞ்சம் பிடிவாதத்துடனும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

பந்தல்கால் நடும் வேளை முதல் பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் வேளை வரை பம்பரமாய்ச் சுழன்ற பண்பாளரே, மணமக்கள் மனம் கோணாமல், மாமனார் முகம் சுளிக்காமல், மேளக்காரர் பசியோடு மேடை இறங்காமல் பார்த்துக்கொண்ட மாண்பாளரே, கோபம் கொப்பளிக்கும் போதும் குரலில் 'ங்க' குறையாத கொங்கு மண்ணின் குணக்குன்றே, வணக்கம்.

இந்த மாதிரி இன்னும் இரண்டு பக்கம் எழுத எனக்கு வரும். இந்த மண்டபத்துப் பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, ஊரார் கல்யாணப் பத்திரிகை வாசகங்களைத் திருத்திக் கொடுக்கிற வெங்கடலட்சுமி நான். எல்லோரும் சேர்ந்து எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் நேற்று முதலாளி சசிதர் அவர்கள் என் மேசைக்கு வந்து, "மடல ஒரு பக்கத்துல முடிச்சிருங்கம்மா. அந்தச் சாவி சமாச்சாரம் மட்டும் வேண்டாமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இதோ முன்வரிசையில், முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாங்களும் மரியாதையாகவே சொல்கிறோம்: இந்த மடல் முழுக்க அந்தச் சாவி சமாச்சாரம்தான்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக அதை ஒருமுறை விளக்கிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வரும் இளவட்டங்கள், பைக்கில் வந்தாலும் காரில் வந்தாலும், வாசலில் சாவியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் இந்த மண்டபத்துக்குள் நுழைய முடியும். எண் போட்ட ஆணிகள் வரிசையாக அடித்த மரப்பலகை ஒன்றில் அந்தச் சாவிகள் தொங்கும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் தாம்பூலப் பை வாங்க மேசைக்கு வருவார்கள். அங்கே அண்ணன் உட்கார்ந்திருப்பார், இரண்டு வார்த்தை பேசுவார். நிதானமாக இருப்பவருக்குப் பையோடு சாவியும் கிடைக்கும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, செல்போனைத் தேங்காய்க்குப் பக்கத்தில் பைக்குள் போட வேண்டும். பையின் காதுகளை அண்ணனே இழுத்து முடிச்சுப் போடுவார், வீடு போய்த்தான் அவிழ்க்க வேண்டும். குடித்திருப்பவருக்குப் பை உண்டு, தேங்காய் உண்டு, சாவி மட்டும் கிடையாது. ரிஃபானா ஓட்டும் மண்டபத்து வேன் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிடும். வண்டியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணா, இந்த வழக்கம் எப்படி வந்தது என்று எழுதாவிட்டால் மடலைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். பாராட்டு வாங்குகிறவரின் தவறையும் சேர்த்துச் சொல்லும் பாராட்டு மடலை இந்த ஊர் இதற்கு முன் கேட்டிருக்குமா தெரியவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, விருந்தும் முடிந்து, மதியம் மூன்று மணி. மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர் சுரேந்தர், இருபத்திரண்டு வயது, பைக்கை எடுக்க வந்தார். வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் தீபக் உங்களிடம் ஓடி வந்தார். "அண்ணா, அந்தத் தம்பி மேல வாசம் அடிக்குதுங்க. போன்ல வேற பேசீட்டே இருக்கறாருங்க. வண்டிய எடுக்க உடலாமுங்களா?"

"மாப்பிள்ளை ஊட்டு ஆளுங்க. கேட்டா மரியாதையா இருக்காது. உட்டுருங்க" என்றீர்கள்.

வழியை மறித்து நின்ற வண்டிகளைத் தீபக் நகர்த்திக் கொடுத்தார். நீங்கள் கூடவே போய், தாம்பூலப் பையை உங்கள் கையாலேயே அந்த பைக்கில் மாட்டிவிட்டு, கும்பிட்டு அனுப்பினீர்கள்.

நான்கு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் பாலம். சுரேந்தர் போனில் பேசிக்கொண்டே போனார். பாலத்துச் சுவரில் வண்டி மோதிய சத்தத்தை, போனின் மறுமுனையில், மாப்பிள்ளை அறையில் இருந்த நண்பர்கள் இங்கிருந்தே கேட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. நீங்கள் மாட்டிவிட்ட பை மட்டும் மாட்டியபடி இருந்தது. அதற்குள் இருந்த தேங்காயில் ஒரு கீறல்கூட இல்லை. இங்கே புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் சம்பளப் பதிவேட்டில் பேர் ஏறும். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு முறையும், "மரியாதை பாத்து ஒரு உசுர உட்டுப்போட்டனுங்க" என்பீர்கள்.

தீபக்கும் அன்றிலிருந்து அந்தப் பாரத்தைச் சுமக்கிறார். ஆனால் அன்றைக்கு உங்கள் இடத்தில் எங்களில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து 'குடிச்சிருக்கறீங்களா' என்று கேட்க நமக்கு நாக்கு எழாது. பிள்ளையைப் பெற்றவர்களே கண்டும் காணாமல் இருக்கையில் நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்வோம். அதற்குப் பிறகு நீங்கள் ஒதுங்கவில்லை. சுரேந்தரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கே தச்சரை வரச் சொல்லி, பலகை செய்து, ஆணி அடித்தீர்கள். முதல் ஆணியில் உங்கள் டிவிஎஸ் வண்டியின் சாவியை மாட்டினீர்கள். அன்று முதல் நேற்று வரை, மேலாளர் சாவியும் காலையில் பலகைக்குப் போய்த்தான் மாலையில் திரும்பியிருக்கிறது.

ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. 'சாவி மண்டபம்' என்று பேர் வைத்தது. காய்கறி ஏற்றும் வேன் என்பதால், வீட்டில் போய் இறங்கும் இளவட்டங்கள் மேலெல்லாம் கருவேப்பிலை மணக்கும். ரிஃபானாவை 'கருவேப்பிலை அக்கா' என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர்களில் பலரை அவர்தான் இரண்டு முறை, மூன்று முறை கொண்டுபோய் வீடு சேர்த்தார் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

உங்கள் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊது என்று சொல்ல மாட்டீர்கள், முகத்துக்கு நேரே மோந்து பார்க்க மாட்டீர்கள். "எலையில என்னென்ன வெச்சாங்கன்னு சொல்லுங்க கண்ணு, கேப்பம்" என்பீர்கள். காருக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டு நேராகப் பை வாங்க வருகிறவருக்கு இலையைப் பற்றி என்ன தெரியும்? சாதம், சாம்பார், ரசம் என்று ஒப்பிப்பார். "அது எல்லாக் கல்யாணத்துலயும் வெக்கறதுதானுங்க. பொரியல் என்ன பொரியலுங்க?" என்று கேட்டதும் மாட்டிக்கொள்வார். சாப்பிட்டவர்கள் சாப்பிடாத நண்பர்களுக்குப் பொரியலின் பேரைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், நம் தலைமைச் சமையல்காரர் சாந்தாமணி அக்கா பந்திக்குப் பந்தி பொரியலை மாற்ற ஆரம்பித்தார். முதல் பந்திக்கு வாழைக்காய் என்றால் மூன்றாம் பந்திக்குப் புடலங்காய். கல்யாண வீட்டார் இதை எங்கள் தாராள மனது என்று நினைத்துப் பாராட்டினார்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகவும் குடித்துவிட்டு, மூன்று பொரியலையும் சரியாகச் சொன்ன ஒருவரும் இருந்தார். அவரை உட்கார வைத்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசியே கண்டுபிடித்தீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சுரேந்தரின் தங்கை மௌனிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் அம்மா பதிவுக்கு என் மேசைக்கே வந்தார்கள். கூட வந்த உறவினர், "இந்த எடம் வேண்டாமுங்கக்கா, வேற மண்டபம் பாத்துக்கலாமுங்க" என்று மெல்லச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தே பதில் சொன்னார்கள். "சாவி வாங்கி வெக்கற மண்டபத்துலதான் எம்புள்ள கல்யாணம் நடக்கோணும். தேதிய எழுதுங்க அம்மணி." நான் எழுதினேன். முதலில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டு, அடித்துத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அன்றைக்கு நீங்கள் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள், அரைமணி கழித்துத்தான் வெளியே வந்தீர்கள். கல்யாணத்தன்று அந்த அம்மா சாவி மேசைக்கு வந்து, உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

இனி, முதலாளி எழுத வேண்டாம் என்ற இடத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். முதலாளியின் தங்கை மகன் மனோஜ்குமார் புதுக் காரில் வந்தார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் செல்போன், தான் வருவதைத் தானே படம் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். தீபக் ஓரமாகத் துள்ளியதால் கால் தப்பியது. மதியம் பை வாங்க மேசைக்கு வந்தபோது அவரால் நேராக நிற்க முடியவில்லை. பையை நீட்டினீர்கள், சாவி தரவில்லை.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்தினார். சுற்றிலும் ஐம்பது பேர்.

"தெரியுமுங்க கண்ணு. தெரிஞ்சதுனாலதானுங்க தரலீங்க" என்றீர்கள்.

ரிஃபானா அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டார். மறுநாளே ஐம்பது பேர் முன்னால் மானம் போச்சு என்று அந்த வீட்டிலிருந்து போன். நாலு பேர் வேறு மண்டபத்துக்குப் போய்விடுவார்கள் என்று இன்னொரு போன். முடிவில், உங்கள் பணி நிறைவோடு இந்த வழக்கமும் நிறைவு பெறும் என்றும், திங்கட்கிழமை ஆள் வந்து பலகையைக் கழற்றிவிடும் என்றும் அலுவலகத்தில் தாள் ஒட்டப்பட்டது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி அவர்களே, உங்கள் அப்பா கட்டிய மண்டபம் இது, உங்கள் உப்பைத்தான் தின்கிறோம். ஆனால் இந்த மேடையில் நின்று சொல்கிறோம், பலகையைக் கழற்ற விடமாட்டோம். நாளை ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குத் தீபக் வாசலில் சாவி வாங்குவார். சாந்தாமணி அக்கா பொரியலை மாற்றுவார். தாம்பூல மேசையில் அண்ணன் இடத்தில் நான் உட்காருவேன். பலகையைக் கழற்றினால் சமையல்கட்டில் கரண்டி மாட்டும் கம்பி இருக்கிறது, அதில் மாட்டுவோம். எங்களை வேலையை விட்டு அனுப்பலாம், அது உங்கள் உரிமை. குடித்தவர் கையில் சாவி கொடுக்கிற ஆளை நீங்கள்தான் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். பதினோரு வருடத்தில் எங்கள் வாசலைத் தாண்டிப் போன எந்தப் பிள்ளையைத் தேடியும் அண்ணன் அந்தப் பாலத்துக்கு மறுபடி ஓட வேண்டியிருக்கவில்லை. மனோஜ்குமார் தம்பியும் அவர்களில் ஒருவர். அவர் இன்று இந்தக் கூட்டத்தில், பின்வரிசையில், நல்லபடியாக உட்கார்ந்திருப்பதில் எங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது.

அண்ணா, முறைப்படி இனி வாழ்த்த வேண்டும். அண்ணியாரோடும் பேரப்பிள்ளைகளோடும் நூறாண்டு கடந்தும் நோயின்றி வாழுங்கள். இனியாவது அடுத்தவர் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் பாயசம் குடியுங்கள். வெள்ளிக்கிழமை பிடித்த சளி சீக்கிரம் தீரட்டும்.

சளி என்றதும் இன்னொன்று. டாக்டர் உங்களுக்கு இன்று முதல் செவ்வாய் வரை நான்கு நாளைக்கு மாத்திரை எழுதியிருக்கிறார், மதியம் சாப்பிட்டதும் ஒன்று. அது தூக்கம் வரவைக்கிற மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தொடக்கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் நீங்கள். இன்று மதியம் நம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டிருப்பீர்கள், சாந்தாமணி அக்கா போட வைக்காமல் விட்டிருக்க மாட்டார்.

ஆகவே, பொன்னாடைக்குப் பிறகு நாங்கள் கொடுக்கப்போகும் தாம்பூலப் பையில் வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், சாந்தாமணி அக்கா தோப்பிலிருந்து கொண்டுவந்த தேங்காய் இருக்கும். சாவி இருக்காது. கோபித்துக்கொள்ள வேண்டாமுங்க. ரிஃபானா வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

உங்கள் சாவி முதல் ஆணியில் தொங்குகிறது. திங்கட்கிழமை பலகையைக் கழற்ற வருகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும், எடுக்க நாங்கள் விடப்போவதில்லை. செவ்வாயோடு மாத்திரை முடிகிறது. புதன்கிழமை காலையில் வாருங்கள் அண்ணா, உங்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பலகை அங்கேயே இருக்கும்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
வெங்கடலட்சுமி, பதிவு அலுவலகம்
சாந்தாமணி, சமையற்கூடம்
தீபக், வாகன நிறுத்தம்
ரிஃபானா, வேன் ஓட்டுநர்
மற்றும் பங்காரு மகால் பணியாளர்கள் அனைவரும்
உடுமலைப்பேட்டை, சனிக்கிழமை