துளசிங்கத்தின் சைக்கிள் ஷூ

உட்கார்ந்ததும் முதலில் உங்கள் காலைத்தான் பார்த்தேன் சார். தப்பாக நினைக்காதீர்கள், பழக்கமாகிவிட்டது. கல்யாண மண்டபத்தில், ரயிலில், எங்கே போனாலும் எனக்கு முகம் அப்புறம்தான். உங்கள் பூட்ஸ் சுண்டுவிரல் பக்கம் வெடித்திருக்கிறது. அகலக் கால்காரர்கள் எல்லோருக்கும் அங்கேதான் வெடிக்கும். நான் சொல்வது உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

பெயர் ராஜகோபாலன். மாடம்பாக்கத்தில் ஃப்ளாட். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்து க்ளெய்ம்களைப் பார்ப்பது என் வேலை. சர்க்கரை இருக்கிறது, சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது சாதாரண சைக்கிள். எங்கள் பகுதியில் சாதாரண சைக்கிளை வாட்ச்மேன்தான் ஓட்டுவார். அதனால் நான் கார் டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு சைக்கிளை வாங்கினேன். பிரிட்டோ என்பவர் நடத்தும் குழுவில் சேர்ந்தேன். ஞாயிறு காலை சிங்கப்பெருமாள் கோவில் வரை போவோம். நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் பொங்கல், வடை, காபி. எரித்ததைவிடச் சாப்பிட்டதுதான் அதிகம் என்பாள் என் மனைவி சுபத்ரா.

அந்தக் குழுவில் எல்லோருக்கும் தனி ஷூ. அடியில் ஒரு கட்டை இருக்கும். பெடலில் மிதித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் விடுபடும். அந்த ஷூக்களை யார் செய்கிறார்களோ, மனிதக் காலை அவர்கள் பார்த்ததே இல்லை. எல்லாம் வெண்டைக்காய் மாதிரி இருக்கும். தாம்பரத்தில் கேட்டேன், வேளச்சேரியில் கேட்டேன். நெட்டில் வரவழைத்துத் திருப்பி அனுப்பி, கூரியர்காரர் என்னைப் பார்த்தாலே மணியடிக்காமல் கேட்டிலேயே நிற்க ஆரம்பித்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒன்று கிடைத்தது. அகலம் பிரமாதம். இடது கால் மட்டும்தான் இருந்தது.

ஆகவே நான் செருப்பிலேயே போனேன். குழுவில் எனக்கு 'செருப்பு சார்' என்று பெயர் வைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டேன். கோவில் வாசலில் எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். சைக்கிளும் ஷூவும் லட்சக்கணக்கில் நிற்கிறதே, யாராவது காவல் இருக்க வேண்டும். செருப்பு சார் இருக்கட்டும் என்று பிரிட்டோ சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷமாக நரசிம்மரை நான் வாசலில் இருந்துதான் கும்பிட்டேன்.

துளசிங்கம் அப்போதுதான் சேர்ந்தார். மாடம்பாக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் ப்ளாட்டாகி, வாடகை வீடுகளாகி, நல்ல வசதி. நல்ல மனிதர் என்பதை நான் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அவர் காலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே என் கால். அதே அகலம், அதே சுண்டுவிரல். அந்தக் காலில் ஷூ இருந்தது, கச்சிதமாக. அவர் மகள் ஓவியா ஜெர்மனியில் இருக்கிறாள், அங்கிருந்து அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு அவர் உள்ளே போனதும் போட்டுப் பார்த்தேன். அதை எப்படிச் சொல்ல? வலி நின்ற பிறகுதான் இத்தனை வருஷமாக வலித்துக்கொண்டிருந்ததே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது சார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவர் பிரதட்சிணம் முடிக்கும்வரை அந்த ஷூவில்தான் இருந்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், சூ உள்ளார சூடாகீதேன்னு பாத்தேன். நீங்கதானா? நல்லா கீதா?" என்று சிரித்தார். "சொல்லியிருக்கலாமுல்ல. ஓவியாகிட்ட சொல்லி உங்களுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்றேன். துட்டெல்லாம் வாணாம் சார்."

மறுத்துவிட்டேன். யாரிடமும் எதையும் ஓசியில் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. காபிக்குக்கூட என் பங்கை நான்தான் கொடுப்பேன். அவர் தந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் அவர் என் காலைப் பார்த்துச் சிரிப்பதை நான் சகித்துக்கொள்ள வேண்டுமா? மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

அவர் மனைவி முனியம்மாதான் எனக்கு வழி காட்டினார். பொங்கலன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "இந்த வயசுல காலப் பூட்டிக்கினு ஓட்றாரு சார். ஒருவாட்டி வுழட்டும், சைக்கிளையும் சூவையும் தூக்கிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுர்றேன்" என்றார். ஒரு தடவை விழுந்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. அவருக்கு ஒரு சிராய்ப்பு, அந்த அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு நியாயமான விலையில் ஷூ.

பெடலின் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதை முறுக்கினால் பூட்டு இறுகும், கால் சுலபத்தில் வெளியே வராது. கோவில் வாசலில் எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. இரண்டு பெடலையும் நான்கு நான்கு சுற்று முறுக்கினேன். உள்ளே மணியடித்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திரும்பிக் கிளம்பும்போது மிதித்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, டைட்டா கீது" என்றார். மண் போயிருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றேன். நம்பிவிட்டார். என்னை எல்லோரும் நம்புவார்கள்.

வண்டலூரில் சிக்னல் விழுந்தது. அவர் நின்றார், காலை இழுத்தார், வரவில்லை. இடது பக்கம் விழுந்தால் நடைபாதை. அவர் வலது பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் லாரி வந்தது. டிரைவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் சார், அவன் மேல் தப்பே இல்லை. துளசிங்கம் எப்போதும் வலது காலைத்தான் முதலில் எடுப்பார். இத்தனை ஞாயிறு அவர் பின்னாலேயே ஓட்டியவன், எனக்குத் தெரியாதா?

விழுந்த வேகத்தில் பூட்டு விட்டிருந்தது. ஓடிப்போய் அவர் ஷூவைக் கழற்றினேன். இறுக்கமானதைத் தளர்த்துவதுதான் முதலுதவி, எங்கள் ஆபீஸிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டோ தள்ளிப்போய் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். துளசிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். பாட்டிலில் கொஞ்சம்தான் இருந்தது. ஷூவின் நுனியில் ரத்தம் பட்டிருந்தது. உடனே கழுவாவிட்டால் அந்தக் கறை போகாது. கழுவினேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

செத்தவர் செருப்பை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் என் பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் ஷூவைப் போட்டுக்கொண்டு சிவன் கோயில் வரை ஓட்டினேன். கால் இருப்பதே தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முனியம்மா ஆள் அனுப்பினார். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்பார்களாம். பிரியாணி, பீடா எல்லாம் வைத்து, போட்டோவுக்குப் பக்கத்தில் சைக்கிளையும் நிறுத்தியிருந்தார்கள். லாரிக்கு அவர் கிடைத்தாரே தவிர, சைக்கிளுக்கு ஒரு கீறல் இல்லை. ஷூ என்னிடம் இருப்பதைப் பிரிட்டோ சொல்லிவிட்டார், கொண்டுபோனேன். மகன் முகிலன் அதைப் பெடலில் மாட்டி நிறுத்தினான். அப்பா ஓட்டுவது போலவே இருக்கிறது என்று எல்லோரும் அழுதார்கள். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

படையல் முடிந்து கழற்றும்போது ஷூ வரவில்லை. முகிலன் இழுத்தான். இன்னொருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான், இவன் ஷூவை முறுக்கினான். தையல் முறுகுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

"அப்படி இழுக்காதப்பா, சோல் பிஞ்சிரும். பின்னால ஸ்க்ரூ இருக்கு பார், நாலு சுத்து லூஸ் பண்ணு" என்றேன்.

பண்ணினான். விரலால் தொட்டதும் வந்துவிட்டது. முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலுன்னு உங்களுக்கு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

ஆமாம், நான்தான் முறுக்கினேன். விழுவார் என்று தெரிந்துதான் முறுக்கினேன், எந்தப் பக்கம் விழுவார் என்றும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு அவர் மேல் ஒரு விரோதமும் கிடையாது.

உங்கள் மேஜையில் அந்த ஷூவைப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறீர்களே, அதில் காற்றுப் போகாது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அகலம் சுருங்கிவிடும். இப்போது இங்கே யாரும் இல்லை. அந்த வெடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஒரு தடவை காலை விட்டுப் பாருங்கள் சார். அதற்கப்புறம் என்ன செக்‌ஷன் போட வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள்.