கல்யாணப் பொண்ணும் வெள்ளித் தட்டியும்

மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்க சிக்னே. நீ விட்டா முகத்துக்கு முன்னாடி புகையா நிக்குது, படத்துல கல்யாணப் பொண்ணுக்குப் பதிலா கொதிக்கிற கெட்டில்தான் விழுது. ம், இப்ப விடு.

குளிரத்தான் செய்யும். பிப்ரவரி மாசத்துல உறைஞ்ச ஏரி மேல நின்னு படம் எடுக்கணும்னு கேட்டது யாரு, நானா? உள்ள கம்பளிக் கால்சட்டை போட்டிருக்கல்ல? ரெண்டா? பொழைச்சுக்குவ. உன் மாப்பிள்ளை ஊலவைப் பாரு, ரெண்டு படத்துக்கு நின்னான், மூக்கு தக்காளி ஆயிடுச்சு, கார்ல ஹீட்டரைப் போட்டு உக்காந்துட்டான். இவன்தான் உன்னை வடக்கோடியில ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் குடும்பம் நடத்தப் போறானாக்கும்.

யாரு, அவங்களா? ரிஃப்ளெக்டர் பிடிக்க வந்த ஆளு, இன்னிக்கு மட்டும். அந்த வெள்ளித் தட்டிதான் உன் முகத்துக்கு வெளிச்சம் திருப்பிக் கொடுக்குது. ஆமா, தொப்பி, பனிக்கண்ணாடி, மூக்கு வரைக்கும் மஃப்ளர். குளிர் தாங்காதாம். நீ ஏன் அங்க பாக்குற, என்னைப் பாரு.

மோவாயைக் கொஞ்சம் இறக்கு. சிரிப்பு வரலன்னா விடு, கஷ்டப்பட்டுச் சிரிச்சா பல்லுவலிக்காரி மாதிரி இருக்கு. என்ன யோசனை? அம்மாவா?

கேள்விப்பட்டேன். இந்த ஊர்ல எதைத்தான் மறைக்க முடியும். உங்கப்பா தவறிப்போய் ஒரு வருஷம் ஆகல, நீயும் வடக்க போறேன்னா உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்னாங்களாம். நீயும் விடுவியா, வரவேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்ட. கோடையில நின்ன பேச்சு, இன்னும் ஆரம்பிக்கல. ரெண்டு பேரும் ஒரே அச்சு.

என்ன சொன்ன? அவங்களுக்கு உன்னைவிடப் பண்ணையில இருக்குற ஆடுங்கதான் முக்கியமா?

ஏங்க, தட்டியை ஏன் கீழ இறக்குறீங்க? தூக்கிப் பிடிங்க. கை மரத்துப்போச்சு போல, பாவம்.

சரி, அவங்களுக்கு ஆடு முக்கியம். உனக்கு? காத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு, எனக்குக் காது வேற மந்தம். காலைல ஊலவோட அக்கா தலை பின்னிவிட்டாளா? அதான் ஒரு பக்கம் ஏறிக் கெடக்கு. அவ பின்னும்போது உனக்கு என்ன ஆச்சு? இன்னும் சத்தமா. கண்ணாடியில அம்மா கையைத் தேடினியா? அவங்க இல்லாம சர்ச்சுக்குள்ள கால் வைக்க முடியும்னு தோணலையா?

ம். அப்படியே நில்லு. துடைக்காத. இப்பதான் உன் முகம் உன் முகமா இருக்கு. எடுத்தாச்சு.

அவ்வளவுதான், என் வேலை முடிஞ்சுது. கார்கிட்ட ஓடாத, ஒரு நிமிஷம் நில்லு. நேத்து சாயங்காலம் கடையை அடைக்கிற நேரத்துல ஒரு அம்மா வந்தாங்க. சிக்னே கல்யாணப் படத்துல ஒண்ணே ஒண்ணு, அவளுக்குத் தெரியாம எனக்குக் கொடுப்பியான்னாங்க. நேர்ல வந்து பாக்குறதுக்கென்னன்னேன். வராதன்னுட்டாளேன்னாங்க. அதைச் சொல்றதுக்குள்ள கையுறையைக் கழட்டுறதும் மாட்டுறதும், கழட்டுறதும் மாட்டுறதும். எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு. நாளைக்கு ஏரிக்கு வாங்க, ஒரு வேலை இருக்குன்னேன். படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் தான் யாருன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நானும் பண்ணிக்கொடுத்தேன். முடிச்சுட்டேனே.

பின்ன என்ன, இவ்வளவு பனி கெடக்குற எடத்துல ரிஃப்ளெக்டர் எதுக்கு? பனியே போதும் போதும்னு வெளிச்சம் அடிக்குது. ஊலவ்கூடக் கேட்டான், உனக்குத்தான் தோணல.

போர்கில்ட், போதும், அந்தத் தட்டியைக் கீழ வைங்க. மஃப்ளரையும் எடுங்க, அழுது அழுது அது உறைஞ்சு பலகை ஆயிடுச்சு.

என்னை ஏன் பாத்துக்கிட்டு நிக்குற? நடந்து போ, ஐஸ் வழுக்கும். கேமராவா? பையில வச்சுட்டேன். இதையெல்லாம் படம் எடுக்கக் கூடாது.