போரிபந்தரில் எடுத்த மூன்று படங்கள்

மணி ஒன்று தாண்டியிருக்கும். போரிபந்தர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சாலை... கடைசி டிராம் போய்விட்டது. நாற்பத்தேழு ஆகஸ்ட், சுதந்திரம் வந்த வாரம். ஸ்டேஷன் கட்டடம் முழுக்க விளக்கு அலங்காரம். வேடிக்கை பார்த்த கூட்டமெல்லாம் வீடு திரும்பியாயிற்று. மழையில் நனைந்த தார் ரோட்டில் அத்தனை விளக்கும் தலைகீழாகத் தெரிகிறது.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது என் ஆபீஸ் சிநேகிதன் நாணுவின் சித்தப்பாவுக்கு நடந்தது.

சந்திரமௌலி என்று பெயர். மாட்டுங்காவில் வீடு, கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை. ராத்திரியில் ஊரைப் படம் எடுப்பதில் ஒரு பைத்தியம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, அரை நிமிஷம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் யார் அசைந்தாலும் படத்தில் புகைபோலக் கலங்கிவிடும். அன்றைக்கு அவருக்கு ஒரே குறை. இத்தனை பெரிய கட்டடத்துக்கு முன்னால் ஒரு மனுஷ முகம் இல்லை...

"மழை வராம இருக்கணுமே" என்று வாய்விட்டுச் சொன்னார். பின்னால் ஈரக் கால் சத்தம். சளக்... சளக்...

ஒரு பெண். தோளில் துணி சுற்றிய கைக்குழந்தை.

"சாமி, நீங்க தமிழா? பெரியாஸ்பத்திரிக்கு எந்தப் பக்கமா போவணும்? நான் தாராவில இருந்து வாரேன். தோல் மூட்டை அடுக்குற கிட்டங்கிகிட்ட வீடு. புள்ளைக்குக் காய்ச்ச. இப்போ அழவும் மாட்டேங்கான்."

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த விளக்கொளி அவள் முகத்தில் விழுந்த விதம்...

"செத்த நில்லும்மா. குழந்தையை முன்னால பிடிச்சுக்கோ. அசையாதே. இதோ ஆயிடும், நானே கொண்டுபோய் விடறேன்."

நின்றாள். ஒரு படம் எடுத்தார். போதவில்லை. தள்ளி நிறுத்தி இன்னொன்று. நடுவில் லாரி ஒன்று குறுக்கே வர, அது கடந்து போகும்வரை காத்திருந்து மூன்றாவது. பிறகு சொன்னபடி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். உள்ளே அவள் ஓடியதைப் பார்த்துவிட்டு, திருப்தியோடு வீடு திரும்பினார்.

மறுநாள் குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் படங்களைக் கழுவினார். மருந்து நெடிக்கு நடுவே வேறொரு வாடை... வசம்பும் புளித்த பாலும். அவர் வீட்டில் கைக்குழந்தை கிடையாது.

முதல் படத்தில் குழந்தையின் கை கலங்கியிருந்தது. ஆட்டியிருக்கிறது. இரண்டாவதில் விரல் நுனி மட்டும் கலங்கல். மூன்றாவதில்... தாயின் முகம் கலங்கல். குழந்தையின் ஐந்து விரலும், இமை மயிரும்கூடத் துல்லியம்.

அந்த அரை நிமிஷம் முழுக்கக் குழந்தை துளிகூட அசையவில்லை.

ஒரு வாரம் பொறுத்துத் தாராவிக்குப் போனார். தோல் கிட்டங்கிச் சந்தில் விசாரித்து ஆளைக் கண்டுபிடித்தார். ஆறுமுகத்தாய் என்று பெயர். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்றுதான் போனார். அவளோ மூன்றாவது படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எம்புள்ள கையி எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க! அவன் போன பொறவு அவனுக்குன்னு இது ஒண்ணுதான் சாமி இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

மற்ற இரண்டு படங்களையும் அவர் வெளியே எடுக்கவே இல்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அப்புறமும் ஓர் இரவு காமிராவை எடுத்துக்கொண்டு போனார். பைத்தியம் விடவில்லை. ஆளே இல்லாத ஃபுளோரா ஃபவுண்டன் நாற்சந்தி. கழுவிப் பார்த்தால், நடு ரோட்டில், மார்பளவு உயரத்தில் அந்தக் குழந்தை. தூக்கிப் பிடிக்க யாரும் இல்லை. சும்மா... அந்தரத்தில்.

அன்றோடு காமிராவைப் பரணில் போட்டார். காரணத்தைப் பின்னாளில் நாணுவிடம் மட்டும்தான் சொன்னார். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பாராம். கேட்டால், "பால் வாடை அடிக்கறது" என்பாராம்.

இரண்டு வருஷம் போயிற்று. பெண் ராஜலக்ஷ்மிக்குக் கல்யாணம். மாட்டுங்காவில்தான், நல்ல பகல். நாதஸ்வரம், பந்தி, ஒரே அமளி. ஜெயினுலாப்தீன் என்று ஒரு போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். சந்திரமௌலி நடுவில், வெறுங்கையோடு நின்றார். ஜெயினுலாப்தீன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கவில்லை. உள்ளிருந்தே குரல் மட்டும் வந்தது.

"சார்... கைக்குழந்தைய அதோட அம்மாகிட்ட கொடுத்துடுங்க. கேமரா பக்கம் திரும்பவே மாட்டேங்குது. உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள்.

சந்திரமௌலி சிரிக்கவில்லை. மெதுவாக இடது முழங்கையை மடக்கினார். தலை நிற்காத குழந்தைக்குக் கழுத்தடியில் கை கொடுப்போமே, அப்படி.

"இருக்கட்டும்" என்றார். "எடுங்கோ."