மூச்சு வண்டி

நான் டீ குடிப்பதில்லை, சப்-இன்ஸ்பெக்டர் சார். காப்பியும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான். டீயை வரவழைத்துவிட்டீர்கள், இருக்கட்டும். மழை நாளில் சூடான தம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பது கைக்கு இதமாக இருக்கிறது.

என் பெயர் டோரதி. சாந்தோம் கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். அம்மா போன பிறகு தனிதான். யுத்தத்தின்போது மீனம்பாக்கம் விமானத் திடலில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் மேஜை ஜன்னலோரம். எந்த வண்டி எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டைப் அடித்துக்கொண்டே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யுத்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது. அதன்பின் வாரக்கணக்கில் நான் வாய் திறந்து பேசியது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் மட்டும்தான். அதற்காகவே சின்னச் சின்னப் பாவங்களை யோசித்து வைத்துக்கொள்வேன்.

வெள்ளைத்துரையை ஒரு வண்டியால்தான் தெரியும். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். துணி மூட்டை ஏற்ற லாரி கிடைக்கும் என்று விமானத் திடலின் பழைய வண்டிகளை ஏலத்தில் மொத்தமாக எடுத்துவிட்டார். பிறகு பார்த்தால் பாதி லாரியே அல்ல. அவற்றில் ஒன்றைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தார். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம், கூரையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. சுற்றிக் கூட்டம்.

"இன்னா நைனா இது, சர்க்கஸ் வண்டியா?" என்று ஒருவன் கேட்டான்.

நான் ரவிக்கைத் துணி வாங்கப் போனவள். வாய் சும்மா இருக்கவில்லை. "இது ஓடுபாதை முனையில் நிற்கும். கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து, இறங்குகிற விமானத்துக்குப் பச்சையோ சிவப்போ விளக்குக் காட்டுவார்" என்றேன்.

வெள்ளைத்துரை கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். "உள்ள வாங்கம்மா. அடையாத்துல இன்னும் நெறைய கெடக்கு. ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நீங்க பாத்துச் சொன்னா பெரிய உபகாரமா இருக்கும்."

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. அடையாற்றங்கரையில் தென்னந்தோப்பு ஒன்றில் வேலி போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்கலாம். வாரத்துக்கு ஒன்று சொன்னேன். நன்றாகத் தெரிந்த வண்டியையும் சுற்றிச் சுற்றி வந்து, "யோசித்துச் சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

டிரைவர் தலைக்கு மேலே நீண்ட இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்று. "கெணறு தோண்டுததா?" என்று கேட்டார். விமானத்தின் மூக்கில் அந்தத் தண்டை மாட்டி முறுக்கினால் காற்றாடி சுழன்று எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்றேன். அவர் சிரித்தார். "அப்பம் தூங்குத விமானத்த எழுப்பி விடுத வண்டின்னு சொல்லுங்க." பிறகு தோளில் கிடந்த துண்டால் வண்டியின் படியைத் துடைத்து, நான் உட்காருவதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அதற்கு முன் எனக்காக யாரும் எதையும் துடைத்ததில்லை.

அவருக்கு ஊரில் மனைவி உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆவணியில் அந்த மனைவி, சீதா, ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அடுத்த சனிக்கிழமை அவளையும் தோப்புக்கு அழைத்து வந்தார். ஒவ்வொரு வண்டியாகக் காட்டி அது என்னவென்று அவரே அவளுக்குச் சொன்னார். நான் சொன்ன வார்த்தைகளையே, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நான் கை காட்டிய விதமாகவே. அவள் சரியான இடங்களில் சிரித்தாள். அவர் படியைத் துடைத்தார். சீதா உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வரும்போதெல்லாம் எனக்கென்று அதிரசம் கொண்டுவருவாள். கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு இழுப்பு அதிகமாகியிருந்தது. "ராத்திரி படுக்க முடியலக்கா. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். அவளுடைய மூச்சு என் உள்ளங்கைக்குக் கீழே பூனைக்குட்டி போலக் கத்தும்.

தோப்பின் கோடியில் ஜன்னலே இல்லாத மூடு வண்டி ஒன்று நின்றது. உள்ளே இரண்டு பக்கமும் ஆளுயர இரும்பு உருளைகள். காவல்காரர் வலியுல்லா அதை எனக்குக் காட்டும்போதே, "கதவாண்ட சாக்கிரதம்மா. மூடிக்கிச்சுன்னா உள்ளேர்ந்து தொறக்காது. ஒரு நாய் மாட்டிக்கினு இன்னா கத்து கத்துச்சு தெரியுமா" என்று எச்சரித்தார்.

"அது என்ன வண்டின்னு நீங்க இன்னும் சொல்லலியே" என்று வெள்ளைத்துரை கேட்டார். பக்கத்தில் சீதா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடவில்லை.

"மூச்சு வண்டி. விமானம் மேலே போகப் போகக் காற்றுக் குறைந்துவிடும். விமானிகளுக்கு வேண்டிய சுத்தமான மூச்சுக்காற்றை இதிலிருந்துதான் நிரப்பிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களுக்குக் கொடுப்பதும் இதே காற்றுத்தான்."

சீதா அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று நான் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள்: "நான் கொஞ்சம் இழுத்துப் பாக்கட்டுமாக்கா?"

தீபாவளி நெருங்கியது. ஓயாத மழை. கடையில் கூட்டம், அவரால் நகர முடியவில்லை. சீதா இரண்டு நாளாகப் படுக்கவே இல்லை. "நீங்க கூடப் போனா எனக்குக் கவலை இல்லம்மா" என்று அவரே ஜட்கா வைத்து எங்களை அனுப்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் வலியுல்லா தொழுகைக்குப் புறப்பட்டுப் போனார். சீதாவை உள்ளே பலகையில் உட்காரவைத்தேன். உருளைகளின் திருகுகளைத் திறந்தேன். பெரிய சத்தம். "ஜில்லுனு இருக்குக்கா" என்றாள். கதவை மூடினால்தான் காற்று வீணாகாது என்றேன். தலையாட்டினாள். மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டினாள். தட்டியது கேட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தட்டுகிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். தட்டுவது நின்ற பிறகும் முழுவதையும் சொல்லி முடித்தேன். பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

உருளைகளில் இருந்தது கரியமில வாயு என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். காரியம் முடிந்த மறுநாள் வெள்ளைத்துரை என் அறைக்கே வந்தார். முதல் தடவையாக. உட்காரவில்லை. "தெரியாமச் சொல்லிட்டீங்க. நீங்க என்ன செய்வீங்க. மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்க" என்றார். என்னைத் தேற்றிவிட்டுப் போனவர்தான். தோப்பைப் பூட்டிவிட்டார். கடைக்குப் போனால், முதலாளி யாரையும் பார்ப்பதில்லை என்று சிப்பந்திகள் திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று சனிக்கிழமை வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் விழுந்து எரிந்தபோது அந்த வண்டி வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். பெட்ரோல் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாது. அந்த வாயுவை மேலே விட்டால் தீ மூச்சு முட்டிச் செத்துப்போகும். தீயணைக்கும் வண்டி, சார். அவர் என்னைக் கேட்டபோதும் தெரியும். திருகைத் திறந்தபோதும் தெரியும். கதவு உள்ளிருந்து திறக்காது என்பதும் தெரியும். சீதாவை நான்தான் கொன்றேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போகும் அல்லவா? அவர்தானே முதல் சாட்சி? வராமல் இருக்க முடியாதே. என்னைப் பார்த்து, இவள்தான் என்று அடையாளம் காட்டவும் வேண்டும்.

எந்தக் கிழமை என்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புடவைக்குக் கஞ்சி போட வேண்டும்.