மூடியில் விழுந்தது

சிட்டு: அம்மா தட்டுவா. நீங்க தட்டலை.

அப்பா: எதை?

சிட்டு: கரண்டியை. கத்தி முதுகால, காம்புல... டிக், டிக். ரெண்டு தட்டு. அப்புறம்தான் வாழைப்பழத்துல கலப்பா.

அப்பா: அது உங்கம்மா சாஸ்திரம். எனக்கு எதுக்கு? கடிகாரக் கடைத் தராசையே தூக்கிட்டு வந்துட்டேன். வேர்க்கடலைப் பொடி, இருநூத்து நாப்பது மில்லிகிராம். ஒரு தூசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழுங்கிட்டியா? வாயைக் காட்டு.

சிட்டு: ஆ...

அப்பா: நாக்கைத் தூக்கு. சரி. மணி ஒன்பது அஞ்சு. உடம்பு சூடேறினா அலர்ஜி கிளம்பிடும். பதினொண்ணு அஞ்சு வரைக்கும் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, சுடுதண்ணியில குளிக்கக்கூடாது...

சிட்டு: சிரிக்கலாமா?

அப்பா: அளவா.

சிட்டு: மூடியைக் குடுங்க, கழுவிட்டு வரேன்.

அப்பா: எந்த மூடி?

சிட்டு: பொடி டப்பா மூடி. தினமும் நான்தான் கழுவுவேன்.

அப்பா: குடிச்ச டம்ளரை நகர்த்த மாட்டே. உனக்கு இவ்வளவு பொறுப்பு எப்போ வந்துச்சு?

சிட்டு: வந்துச்சு.

அப்பா: இன்னைக்கு மூடியில ஒண்ணுமே சிந்தலை. உக்காரு.

சிட்டு: உக்காந்துட்டுத்தான் இருக்கேன். ஆமை மாதிரி.

அப்பா: அதான் ஆச்சரியமா இருக்கு. முன்னெல்லாம் உன்னைக் கட்டிப்போட்டாத்தான் உண்டு.

சிட்டு: அப்பா, மூச்சு முட்டினா போடற அந்த ஊசிப் பேனா எதுக்கு உங்க சட்டைப் பையில இருக்கு? அது அலமாரியிலதானே இருக்கும்?

அப்பா: சும்மா... கைக்குப் பக்கத்துல இருக்கட்டும்.

சிட்டு: பயமா?

அப்பா: எனக்கென்ன பயம்? கடலை அலர்ஜி போகணும்னு எட்டு மாசமா சாப்பிடறே. கண்ணுக்கே தெரியாத துணுக்குல ஆரம்பிச்சு, இங்கே வந்து நிக்கறோம். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கடைசிப் படி. ஒரு முழுக் கடலை அளவு.

சிட்டு: அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல தனி மேசை கிடையாது.

அப்பா: கிடையாது.

சிட்டு: மேசையில ஒட்டின சிவப்பு ஸ்டிக்கர்?

அப்பா: பிய்ச்சுப் போட்டுடலாம்.

சிட்டு: நானே பிய்ப்பேன். டீச்சர் பிய்க்கக்கூடாது. அங்கே நானும் ஒரு காலி நாற்காலியும்தான் சாப்பிடறோம், தெரியுமா? நாற்காலி பேசவே மாட்டேங்குது.

அப்பா: ...தெரியும் கண்ணு.

சிட்டு: பரவாயில்லை. வியாழக்கிழமை வரைக்கும்தானே.

அப்பா: சிட்டு, அம்மா தட்டுவான்னு சொன்னியே... தட்டினா பொடி எங்கே விழும்?

சிட்டு: மூடியில. கீழே கவுத்து வெச்சிருப்பா.

அப்பா: எவ்வளவு விழும்?

சிட்டு: கொஞ்சம்.

அப்பா: கொஞ்சம்னா?

சிட்டு: கொஞ்சம்னா கொஞ்சம். நான் சும்மா சொன்னேன். விடுங்க.

அப்பா: சும்மாவா, நிஜமாவா?

சிட்டு: ...நிஜமா. ஆனா விடுங்க.

அப்பா: இரு. அவ கரண்டி இதுதானே? ஆஸ்பத்திரியில குடுத்தது. நான் எடுக்கறேன். நீ பொடியைத் தொடாதே. அங்கேயே உக்காந்து சொல்லு. இப்படி மட்டமா வழிச்சாச்சு... தராசுல இருநூத்து நாப்பது. சரியா இருக்கு. இப்போ தட்டணும். இப்படியா?

சிட்டு: இல்லை. அது கடிகாரத்தைத் தட்டற மாதிரி இருக்கு. இன்னும் வலுவா.

அப்பா: இப்படி?

சிட்டு: ம். இன்னொண்ணு.

அப்பா: தட்டியாச்சு. மறுபடியும் தராசுல வைக்கறேன்...

சிட்டு: எவ்வளவு?

அப்பா: நூத்துப் பத்தொன்பது.

சிட்டு: அது பாதியா?

அப்பா: பாதி. பாதிக்கும் கீழே. எத்தனை நாளா தட்டறா?

சிட்டு: இந்த அளவு ஆரம்பிச்சதுலேருந்து... இல்லை, மூணாம் நாள்லேருந்து.

அப்பா: மூணு வாரம். நான் கடையைத் திறக்கப் போயிடறேன். வந்து பார்த்தா, டாக்டருக்குக் காட்டற தாள்ல எழுதியிருக்கா. இருநூத்து நாப்பது, இருநூத்து நாப்பது, இருநூத்து நாப்பது... இன்னைக்கு நான் முழுசா... நெஞ்சு எப்படி இருக்கு? மூச்சு விடு. இன்னும் ஆழமா. தொண்டையில ஏதாவது அடைக்குதா?

சிட்டு: அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகாது.

அப்பா: உனக்கு எப்படித் தெரியும்?

சிட்டு: தெரியும்.

அப்பா: பேசிக்கிட்டே இரு. குரல் மாறுதான்னு நான் கேக்கணும். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு.

சிட்டு: சனிக்கிழமை காலையிலயா!

அப்பா: சொல்லு.

சிட்டு: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு...

அப்பா: நிறுத்தாதே. நான் அம்மாவுக்குப் போன் போடறேன்... மணி ஒன்பது இருபது... எடு, எடு... எடுத்துட்டா. ஏம்மா, எங்கே இருக்கே?

அம்மா: பள்ளிக்கூட ஹால்ல. நாப்பது பிள்ளைங்க வரிசையில நிக்குது, சீருடைக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன். என்னங்க? குடுத்துட்டீங்களா? சிட்டு எங்கே? பின்னாடி ஏதோ சொல்றாளே...

அப்பா: ஏழாம் வாய்ப்பாடு. உன்னை ஒண்ணு கேக்கணும்.

அம்மா: அவளுக்கு என்ன ஆச்சு?

அப்பா: ஒண்ணும் ஆகலை. இதுவரைக்கும் ஆகலை. நீ தினமும் கரண்டியைத் தட்டறியா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். சொல்லு.

அம்மா: நீங்க... நீங்க தட்டாம குடுத்துட்டீங்களா?

அப்பா: தட்டணும்னு எனக்கு யாரு சொன்னது?

அம்மா: ஐயோ. ஐயோ... முழுசாவா குடுத்தீங்க?

அப்பா: தாள்ல இருந்ததைக் குடுத்தேன். நீ எழுதின தாள்.

அம்மா: போனை வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. நான் கிளம்பறேன். கழுத்தைப் பாருங்க, காதுக்குப் பின்னாடி பாருங்க. முதல்ல அங்கேதான் வரும்.

அப்பா: முதல்ல அங்கேதான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே வந்திருக்கா?

அம்மா: ...வந்துச்சு. இந்த அளவுக்கு ஏத்தின ரெண்டாம் நாள். காதுக்குப் பின்னாடி மூணு தடிப்பு. பட்டாணி பட்டாணியா. இருமினா. எடுத்தேன் ஊசியை. எடுத்துட்டேன்...

அப்பா: போட்டியா?

அம்மா: மூடியைக் கழட்ட வரலை. திருகறேன், இழுக்கறேன். பதினாலு வருஷமா ஊசியோட பிழைக்கறவ நான். கண்ணை மூடிக்கிட்டு நூல் கோப்பேன். அன்னைக்கு ஒரு மூடியைக் கழட்ட முடியலை. அவளே அடங்கிட்டா. தடிப்பும் அடங்கிடுச்சு. அடங்காம போயிருந்தா... நான் அந்தப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பேன்.

அப்பா: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அம்மா: சொன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்வீங்க. எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. அவ அந்த மேசையிலயே உக்காந்திருப்பா. அதான்... கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்னு நெனச்சேன். துணி வெட்டினா ரெண்டு விரல் தள்ளித்தான் வெட்டுவேன். அப்புறம் பிடிச்சுக்கலாம். ஒட்ட வெட்டிட்டா துணி போச்சு.

அப்பா: இது துணி இல்லைம்மா.

அம்மா: நீங்க கடிகார முள்ளைப் பார்க்கறவரு. நான் பிள்ளையைப் பார்த்தேன்.

சிட்டு: ஏழேழு நாப்பத்தொன்பது... க்கும்... க்கும்!

அம்மா: இருமறா! என்னங்க, இருமறா!

அப்பா: சிட்டு! இங்கே பாரு. வாயைத் திற.

சிட்டு: எச்சில்... எச்சில் புரையேறிடுச்சு. கத்தாதீங்க ரெண்டு பேரும். வாய்ப்பாடு சொல்லச் சொன்னது யாரு?

அப்பா: இன்னொரு தடவை மூச்சு விடு... விசில் சத்தம் இல்லை. கையைக் குடு, நாடி பார்க்கறேன். ...சரி. சரி. உதடு?

சிட்டு: கொஞ்சம் அரிக்குது.

அம்மா: கடவுளே.

சிட்டு: அது எப்பவும் அரிக்கும்மா. அஞ்சு நிமிஷம். அப்புறம் போயிடும். உனக்கும் தெரியும்.

அப்பா: தாள்ல 'ஒண்ணும் இல்லை'ன்னு எழுதியிருக்கே.

அம்மா: அஞ்சு நிமிஷத்துல போறதை எப்படிங்க எழுதறது...

அப்பா: நான் ஆஸ்பத்திரிக்குப் பேசறேன். நீ வரிசையில நிக்கற பிள்ளைங்களை உக்காரச் சொல்லு. பதட்டத்துல பஸ் ஏறாதே. வைக்கறேன். ...வணக்கம் சிஸ்டர், கடலை அலர்ஜி வைத்தியம் எடுக்கற பொண்ணோட அப்பா பேசறேன். ஆமா, அவதான், பாட்டுப் பாடிக்கிட்டே ரத்தம் குடுத்தவ. ...இல்லை, நல்லா இருக்கா. ஒரு தப்பு நடந்துபோச்சு. மூணு வாரமா வீட்டுல பாதிதான் போயிருக்கு. இன்னைக்கு முழுசா குடுத்துட்டேன். ...ஒன்பது அஞ்சுக்கு. ...உதடு மட்டும் அரிச்சுது, இப்போ இல்லைங்கறா. ...பேனா கையிலயே இருக்கு. ...கழட்டத் தெரியும். ...நாலு மணி நேரம் கவனிக்கணுமா? சரி. ...கீழ்வீட்டு டிரைவர் இருக்காரு, அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம். ...டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. காத்திருக்கேன்.

சிட்டு: டாக்டர்கிட்ட என்ன கேப்பாங்க?

அப்பா: அடுத்து என்ன செய்யறதுன்னு.

சிட்டு: அதான் தெரியுமே. வியாழக்கிழமை கடைசிப் படி.

அப்பா: பார்க்கலாம்.

சிட்டு: 'பார்க்கலாம்'னா இல்லைன்னு அர்த்தம். சைக்கிள் கேட்டப்பவும் அப்படித்தான் சொன்னீங்க.

அப்பா: பேசு பேசு. நல்லா பேசு. குரல் நல்லா இருக்கு.

சிட்டு: அம்மாவைத் திட்டுவீங்களா?

அப்பா: இல்லை.

சிட்டு: நிஜமா?

அப்பா: நான் மட்டும் என்ன? அவ பேனா மூடியைக் கழட்ட முடியாம நின்ன அன்னைக்கு நான் எங்கே இருந்தேன்? யாரோட கடிகாரத்தையோ திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மணி பத்து அஞ்சு. கையைக் காட்டு... வயிறு வலிக்குதா?

சிட்டு: பசிக்குது.

அப்பா: அதெல்லாம் நல்ல அறிகுறி.

சிட்டு: இதோட பத்தாவது தடவை என் காதைத் திருப்பிப் பார்க்கறீங்க. கழண்டு வந்துடப்போகுது.

அப்பா: வந்தா ஒட்ட வெச்சுத் தரேன். கடையில பசை இருக்கு. ...போன். ஆஸ்பத்திரி. ...சொல்லுங்க சிஸ்டர். ...ம். ...ம். ...புரியுது. ...மூணு மாசமா? ...இல்லை, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நன்றி.

சிட்டு: என்ன மூணு மாசம்?

அப்பா: இரு, அம்மாவையும் கூப்பிடறேன். ஒரே தடவையா சொல்லிடலாம்... ஏம்மா, ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. நல்லா இருக்கா. இரு, அழாதே. டாக்டர் சொல்லிட்டாரு. வியாழக்கிழமை கிடையாது. அவ உடம்பு பழகினது பாதிக்குத்தான். அதனால நாளையிலேருந்து நூத்திருபது. அங்கேருந்து படிப்படியா மறுபடியும் ஏறணும். மூணு மாசம் ஆகும்.

அம்மா: என்னாலதான். எல்லாம் என்னாலதான்.

அப்பா: பரவாயில்லை விடு. எட்டு மாசம் போச்சு, இன்னும் மூணு.

சிட்டு: வேண்டாம்.

அப்பா: கண்ணு, வேற வழியில்லை. பழகாத உடம்புக்கு...

சிட்டு: பழகிடுச்சு. போன் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க.

அம்மா: சிட்டு, அம்மா செஞ்ச தப்புடி. நீ பாதிதான் சாப்பிட்டிருக்கே.

சிட்டு: பாதி இல்லை. முழுசும்.

அப்பா: என்ன சொல்றே?

சிட்டு: மூடியை நான்தானே கழுவுவேன்.

அம்மா: சிட்டு?

சிட்டு: கழுவறதுக்கு முன்னாடி நக்கிடுவேன். தினமும். ஒரு துளி விடமாட்டேன். அம்மா பின்னாடியே வந்தா குழாயைத் திறந்துவிட்டுக்குவேன்.

அப்பா: மூணு வாரமும்?

சிட்டு: ஒரு நாள் கூட விடலை. அதான் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். நீங்க கேக்கவே இல்லை, வாய்ப்பாடு சொல்லச் சொன்னீங்க.

அம்மா: ஏண்டி எங்கிட்ட சொல்லலை?

சிட்டு: சொன்னா நீ மூணு தட்டு தட்டுவே.

அப்பா: ...இரும்மா. அழறியா சிரிக்கறியா? சிட்டு, இதை டாக்டர்கிட்ட நீயே சொல்லணும். ஒண்ணு விடாம.

சிட்டு: சொல்றேன்.

அம்மா: ஆனா... எனக்கு ஒண்ணு புரியலை. தினமும் முழுசா போயிருக்குன்னா, அன்னைக்கு வந்த மாதிரி அப்புறம் ஏன் வரலை? நான் குறைச்சதாலதான் நின்னுச்சுன்னு நெனச்சேன். அந்த ஒரு நாள் மட்டும் ஏன் தடிப்பு வந்துச்சு?

அப்பா: சிட்டு? ஒண்ணு விடாமன்னு சொன்னேன்.

சிட்டு: அன்னைக்கு மட்டும்தான்... நீ துணி உலர்த்தப் போனப்போ... ரெண்டு மணி நேரம் ஆகறதுக்குள்ள நான் மாடிப்படியில ஓடினேன்.