குங்கிலியம் போட்ட ஸ்டூல்

...பின்ன என்னண்ணா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க! 'இந்தக் குப்பைய எப்போடி எடுக்கப்போற'ன்னு கேக்கறா எங்கக்கா. குப்பையாம்! எனக்குன்னு இருக்கறது மூலையில இந்த ஒரு அலமாரி. மீதிக் கடை பூரா அவளோட பிளாஸ்டிக் பக்கெட்டுதான். ஆங், உங்க பக்கெட்டு மேல இருக்கு. ஏணிய எலக்ட்ரீஷியன் வாங்கிட்டுப் போயிருக்காரு, இதோ வந்துடுவாரு. உக்காருங்க! அந்த ஸ்டூல்லயே உக்காருங்க. அதுலதான் என் மானமே இருக்கு.

இதப் பாருங்க, பூந்திக்கொட்டை. தண்ணியில போட்டுக் கசக்கினா நுரை அப்படிப் பொங்கும்! பட்டு, நகை, எல்லாம் இதுலதான் கழுவியிருக்காங்க. இது கடுக்காய். தோல் பதப்படுத்த, மை காய்ச்ச... ஐயோ, வாயில போடாதீங்க, துவர்க்கும்! போட்டாச்சா? சரி விடுங்க, வயித்துக்கு நல்லதும்பாங்க. இது அரக்கு, கத்திக்குப் பிடி மாட்ட. இதுக்கெல்லாம் அந்தக் காலத்து ஜனங்க ஒரு மரத்தைக்கூட வெட்டலண்ணா! காயைப் பொறுக்கினாங்க, பிசினை வழிச்சாங்க, காட்டை அப்படியே விட்டுட்டு வந்துட்டாங்க. நெனச்சாலே எனக்குப் புல்லரிக்குது! எங்கக்காவுக்குப் பத்திக்கிட்டு எரியுது.

எங்க விட்டேன்... ஆங், ஸ்டூலு! நேத்து கால் கழண்டு அக்கா தொபுக்கடீர்னு விழுந்தா. நான் சிரிச்சிருக்கக் கூடாது. சிரிச்சுட்டேன். 'தூக்கிப் போடுடி அத'ன்னா. 'இரு, குங்கிலியம் வெச்சு ஒட்டறேன்'னேன். 'அதெல்லாம் எங்க பிடிக்கப்போகுது? நாளைக்கு சாயங்காலம் வந்து பாப்பேன், கால் ஆடுச்சோ, ஸ்டூலோட உன் அலமாரியும் தெருவுக்குப் போகும்'னுட்டா! சொந்த அக்கா!

மணி பாக்காதீங்கண்ணா, ஏணி வந்துடும். குங்கிலியம்னா மரத்துப் பிசினுதான். அந்தக் காலத்துல படகுப் பலகை இடுக்கெல்லாம் இத எண்ணெயில காய்ச்சித்தான் அடைச்சிருக்காங்க. கடலே உள்ள வர முடியாதுன்னா பாத்துக்கோங்களேன்! கரண்டியில சொட்டு எண்ணெயோட உருக்கி, காலுக்கு ஊத்தி, அப்படியே அழுத்தினேன்... கெட்டி! நல்லா ஆட்டிப் பாருங்க. பாத்தீங்களா? மீந்ததுல இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு காலையில மேல்பலகைக்கும் ஒரு பூச்சு...

ஏன்ணா நெளியறீங்க?

கிளம்பறீங்களா? பக்கெட்டு வேணாமா? சரி, எழுந்திரிங்க... எழுந்திரிக்க முடியலயா? ஐயையோ! எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு போல, காயவே இல்ல! நீங்க உக்காந்த சூட்டுல வேற இளகிப் புடிச்சிருக்கு... இழுக்காதீங்க, பேன்ட்டு கிழிஞ்சிடும்! எண்ணெயத் தடவிட்டு பூந்திக்கொட்டை போட்டுக் கழுவினா வந்துடும். ரெண்டும் என்கிட்டயே இருக்கு, ஒரு நிமிஷம்... அண்ணா! அண்ணா, ஸ்டூலோட எங்க ஓடறீங்க? படி, படி, பாத்து!

அக்கா! சரியான நேரத்துக்கு வந்த! என்னை அப்புறம் திட்டு, மொதல்ல அவரு பின்னாடி பாரு. இப்பதான் வாசப்படியில இடிச்சுக்கிட்டே குதிச்சாரு...

கால் ஆடுதா? சொல்லுக்கா, ஆடுதா?